மேல்மண் 18,400 கன மீட்டர்

மார்ச் 3, 2025, திங்கள்

செந்தமிழன் சார் காலை ஏழு மணிக்கே போன் செய்தார். குவாரி முதலாளி ஏழு மணிக்குக் கூப்பிட்டால் விஷயம் பெரிது என்று அர்த்தம். யார்டில் ஜல்லி மலையாகக் குவிந்து கிடக்கிறதாம், எடுக்க ஆளில்லையாம். சாலை விரிவாக்க வேலை முடிந்ததோடு முக்கால் இஞ்ச் ஜல்லிக்கு இருந்த கிராக்கி படுத்துவிட்டது. இப்போது எல்லோரும் கேட்பது ஆற்று மணலுக்குப் பதிலாகக் கல்லை அரைத்து எடுக்கும் எம்-சாண்டும், கிடங்குகளுக்குத் தளம் போட டஸ்ட்டும்தான். டஸ்ட் என்றால் கிரஷரில் கல் உடையும்போது சல்லடைக்குக் கீழே விழும் சாம்பல் நிறப் பொடி. பத்து வருடம் முன்பு அதை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் தவித்தார்கள்.

ஆகவே திட்டத்தை மாற்ற வேண்டும். எப்படியும் பழைய ஐந்தாண்டுத் திட்டம் செப்டம்பரில் முடிகிறது. எவ்வளவு கல் எடுப்போம், எங்கே எவ்வளவு ஆழம் போவோம், எடுத்து முடித்த பள்ளத்தை எப்படிச் சீர்செய்வோம், எல்லாவற்றையும் புதிதாக எழுதிக் கனிம அலுவலகத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். எழுதப்போவது நான். அங்கீகாரம் பெற்றவர் கையெழுத்து இல்லாமல் திட்டம் செல்லாது, அந்த அங்கீகாரம் என்னிடம் இருக்கிறது. பதினோரு குவாரிக்கு எழுதியிருக்கிறேன், ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. என் டைரியில் நான் பெருமையடித்துக்கொள்ளாமல் வேறு யார் அடிப்பது?

மார்ச் 6, வியாழன்

வழி கிடைத்துவிட்டது. குவாரியின் கிழக்குப் பக்கம் கல் மட்டரகம். ஜல்லிக்கே கிராக்கி இல்லாதபோது அங்கே இன்னும் ஆழம் போவது வெட்டி வேலை. கிழக்கே இப்போதே நிறுத்திவிட்டு, எம்-சாண்டுக்கு நல்ல கல் இருக்கிற மேற்கே மட்டும் வெட்டலாம். நிறுத்திய இடத்தில் மண் பரப்பி மரம் வைத்துவிடலாம். பழைய திட்டப்படி சீரமைப்பு என்பது குத்தகை முடிகிற வருடத்தில், அதாவது யாரும் கவலைப்படாத ஒரு வருடத்தில். நான் அதை இந்த வருடத்துக்கே இழுக்கிறேன்.

செந்தமிழன் சாருக்கும் இது பிடித்தது. ஒரகடம் பக்கம் வருகிற புதுத் தொழிற்சாலைகள் இப்போதெல்லாம் கல் வாங்கும் முன்பே குவாரியை எப்படி மூடப்போகிறீர்கள் என்று கேட்டுப் படிவம் அனுப்புகிறார்களாம். "ஒரு பக்கம் மரம் நிக்குதுன்னு போட்டோ காட்டினா ஆர்டர் வரும் மேடம்" என்றார். மனிதர் எந்தக் காரணத்துக்காகப் பச்சையை விரும்பினால் எனக்கென்ன?

மண்ணுக்கும் கவலையில்லை. குவாரி தொடங்கும்போது வழித்தெடுத்த மேல்மண்ணை வடகிழக்கு மூலையில் மேடாகச் சேர்த்து வைத்திருக்கிறோம். 18,400 கன மீட்டர். எனக்குத் தேவை பதினோராயிரம்.

மார்ச் 9, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வந்து தோட்டம். படப்பையில் இந்த மனை வாங்கும்போது என் கணவன் அன்பு ஓரமாக இருக்கிறதே என்று முகம் சுளித்தான். இப்போது வெண்டை காய்த்துத் தள்ளுகிறது, அகத்தி கூரையைத் தாண்டிவிட்டது. எங்கள் நகரில் யார் வீட்டில் எதை நட்டாலும் வருகிறது. மண் ராசி என்கிறார்கள். என் கைராசி என்பது என் கட்சி.

ஈஸ்டர் வரையான தவக்காலத்துக்கு அவன் பீடா விட்டிருக்கிறான், நான் கோழி. அவன்பாடு சுலபம்.

மார்ச் 14, வெள்ளி

கிழக்குப் பகுதியை அளக்கப் போனேன். கேட்டிலேயே சண்டை. சின்னப்பொண்ணுவின் ஆடுகள் வேலியோரம் வந்துவிட்டன என்று செக்யூரிட்டி கத்திக்கொண்டிருந்தான்.

சின்னப்பொண்ணுவுக்கு என் வயதுதான் இருக்கும். காலை ஷிப்டில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறாள், மதியத்துக்கு மேல் ஏழு ஆடு மேய்க்கிறாள். எங்களுக்குள் பழைய கணக்கு ஒன்று உண்டு. ஒவ்வொரு வருடமும் ஜூன் ஐந்தாம் தேதி சுற்றுச்சூழல் நாளுக்கு அந்த மண்மேட்டில் இருநூறு கன்று நடுகிறோம், போட்டோ எடுக்கிறோம். அடுத்த ஜூனுக்குள் எல்லாம் பட்டுப்போகும். ஒவ்வொரு வருடமும் என் ஆண்டறிக்கையில் ஒரே வரி: கால்நடைகளால் சேதம். 2022-இல் செக்யூரிட்டி அவள் ஆடுகளைப் பிடித்து இரண்டு நாள் கட்டிப்போட்டான். பஞ்சாயத்து ஆபீசில் எல்லோர் முன்னாலும் அவள் மன்னிப்புக் கடிதத்தில் கைநாட்டு வைத்துத்தான் ஓட்டிப் போனாள். புகார் மனுவை எழுதியது நான். அழகான தமிழ்.

இன்றைக்கும் என்னைப் பார்த்ததும் விடவில்லை. "எத்தினி வாட்டி சொல்றது? அந்த மேட்டுல இன்னா கீதுன்னு என் ஆடு ஏறும்? செடி வேரே புடிக்கல, அதுவா சாவுது. என் ஆட்டு மேல பழி."

ஆட்டுக்காரி வேறென்ன சொல்வாள் என்று சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன்.

மார்ச் 19, புதன்

மண் மாதிரி வேண்டும். என்ன மரம் வைக்கலாம் என்று ஆய்வகத்தில் கேட்டால்தான் தெரியும். ஃபோர்மேன் கன்னியப்பன் அண்ணனிடம் ஜேசிபி கேட்டேன், மேட்டை ஒரு இடத்தில் வெட்டிப் பார்க்க. வண்டியில் ஆயில் ஒழுகுகிறதாம். நாளைக்கு என்றார்.

மார்ச் 20

நாளைக்கும் ஆயில் ஒழுகுகிறது. ஆனால் மேற்கே அதே ஜேசிபி காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது.

மார்ச் 22, சனி

நானே கடப்பாரை எடுத்தேன்.

முதல் அரை அடி மண். செம்மண், நல்ல மண். அடுத்த குத்தில் கடப்பாரை சொரக்கென்று இறங்கியது. கையை விட்டு அள்ளினால் சாம்பல் நிறம். பொடி. விரலிடுக்கில் வழிந்தது. பத்தடி தள்ளிக் குத்தினேன், அதேதான். மேட்டின் மறுபக்கம் போய்க் குத்தினேன். அங்கேயும் அதேதான். ஒன்பது இடம்.

டஸ்ட். முழுக்க டஸ்ட். மேல ஒரு போர்வை மாதிரி மண்ண போத்தி வச்சிருக்காங்க. அஞ்சு வருஷமா அது மேல நின்னு போட்டோக்குச் சிரிச்சிருக்கேன்டா சாமி. வேர் எப்படிப் புடிக்கும்? அரை அடிக்குக் கீழ சத்தும் இல்ல ஈரமும் நிக்காது.

அவள் சொன்னாளே. வருஷா வருஷம் சொன்னாளே.

கை கொப்பளித்துவிட்டது. எழுத முடியவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

பிரசங்கம் காதில் ஏறவில்லை. 2020 தான் திரும்பத் திரும்ப வந்தது.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. புதுத் திட்டம் எழுதும்போது பழைய திட்டத்தைத் திறந்து அட்டவணைகளை அப்படியே எடுத்துக்கொள்வோம். மேல்மண் 18,400 என்று முதல் திட்டத்தில் இருந்தால் எல்லாத் திட்டத்திலும் இருக்கும். நான் அப்படிப்பட்டவள் இல்லை என்று எனக்கு ஒரு நினைப்பு. 2020-இல் இரண்டு நாள் வெயிலில் நின்று கருவி வைத்து அந்த மேட்டை அளந்தேன். 18,250 வந்தது. பழைய கணக்குக்கும் என் அளவுக்கும் ஒரு சதவீதம்கூட வித்தியாசமில்லை. அன்றைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷம். அன்புக்கு பிரியாணி வாங்கிப் போனேன்.

அளந்தேன். தோண்டவில்லை. மேட்டின் உருவத்தை அளந்துவிட்டு உள்ளே இருப்பது மண் என்று கையெழுத்துப் போட்டேன். காப்பி அடித்தவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? நான் வெயிலில் நின்றது ஒன்றுதான்.

மார்ச் 25, செவ்வாய்

கன்னியப்பன் அண்ணனை ஷெட்டில் பிடித்தேன். கொப்பளித்த உள்ளங்கையைக் காட்டினேன். வேறு எதுவும் கேட்கத் தேவைப்படவில்லை, அவரே சொல்லிவிட்டார்.

2016-இல் படப்பை முழுக்க மனை போட்டுக்கொண்டிருந்த சமயம். தாழ்வான நிலத்தையெல்லாம் நிரப்ப மண் மண் என்று பறந்தார்கள். செந்தமிழன் சாரின் அப்பா, இப்போது இல்லை, மேல்மண்ணை எல்லாம் வண்டி வண்டியாக அனுப்பிவிட்டார். அப்புறம் அலுவலகத்திலிருந்து பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்ததும், விற்காமல் கிடந்த டஸ்ட்டை அதே இடத்தில் அதே அளவுக்குக் குவித்து, மீதமிருந்த மண்ணை மேலே பூசச் சொன்னார். பூசியவர் கன்னியப்பன்.

"பெரியவர் சொன்னாரு மேடம், செஞ்சேன். அளவு கரெக்டா இருக்கணும்னு டேப்பு வெச்சி கட்டினேன்" என்றார். அதில் அவருக்கு இன்னமும் கொஞ்சம் பெருமை இருப்பதுபோலப் பட்டது. எனக்குக் கோபம் வரவில்லை. அந்த ஒரு சதவீதம்கூடப் பிசகாத அளவு அவருடைய கைவேலை. நான் மெச்சிக்கொண்டது என் திறமையை.

மண் எந்த மனைக்குப் போனது என்று கேட்டேன். அவர் பீடியைக் கீழே போட்டு மிதித்தார்.

"உங்க நகருக்குத்தான் மேடம். கடைசி ரெண்டு வரிசைக்கு."

எங்கள் வீடு கடைசி வரிசை.

மார்ச் 26

தோட்டத்துக்குத் தண்ணீர் விடவில்லை. அன்பு ஏன் என்றான். வெண்டைமேல் கோபம் என்றேன்.

மார்ச் 28, வெள்ளி

செந்தமிழன் சாரிடம் சொன்னேன். அவருக்கும் தெரியாதாம். அப்பாவின் படத்தை ஒருமுறை பார்த்தார், பிறகு மேசையைப் பார்த்தார். நம்புகிறேன்.

ஆனால் அவர் சொன்ன வழி எனக்கு ஒத்துவரவில்லை. கிழக்குச் சீரமைப்பே வேண்டாம், பழையபடி கடைசி வருடத்துக்குத் தள்ளிவிடுவோம், மேட்டை யாரும் தொட வேண்டாம், அட்டவணையில் 18,400 அப்படியே இருக்கட்டும். உண்மையை எழுதினால் ஒப்புதல் நிற்கும். செப்டம்பரில் ஒப்புதல் இல்லையென்றால் குவாரி நிற்கும். ஐம்பத்திரண்டு பேர் வேலை செய்கிறார்கள்.

"உங்க சர்டிபிகேட்டும் போயிடும் மேடம். 2020-ல போட்டது உங்க கையெழுத்து. நான் உங்களுக்காகவும்தான் சொல்றேன்."

அவர் சொன்னதில் பொய்யில்லை. அதுதான் சங்கடம்.

மார்ச் 30, ஞாயிறு

அன்பிடம் முழுக்கச் சொன்னேன். மறைமலை நகரில் கார் தொழிற்சாலை லைனில் பதினான்கு வருடமாக நிற்கிறான். எல்லாவற்றையும் லைனோடுதான் ஒப்பிடுவான். இன்றைக்கு ஒப்பிடவில்லை. "சர்டிபிகேட் போனா என்ன பண்ணுவ?" என்று மட்டும் கேட்டான். தெரியாது என்றேன். "நம்பர் அப்படியே இருந்துச்சுன்னா?"

அப்போதும் ஜூன் ஐந்தாம் தேதி நான் அங்கே போய் இருநூறு கன்று நடவேண்டும். தெரிந்தே. பட்டுப்போனதும் ஆடு தின்றது என்று எழுதவேண்டும். தெரிந்தே. முடியாது. அதை வாய்விட்டுச் சொன்னதும் பசி வந்தது. இரண்டு தோசை கூடச் சாப்பிட்டேன்.

ஆனால் ஐம்பத்திரண்டு பேர்? இல்லை, ஷெர்லின், என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வெறும் உத்தமியாகப் போய் நிற்பதில் பிரயோசனமில்லை. உண்மையோடு ஒரு திட்டமும் கொண்டுபோக வேண்டும். திட்டம் எழுதுவதுதானே உன் வேலை?

ஏப்ரல் 2, புதன்

கிடைத்தது!

வல்லம் சாலையில் ட்ராபிக். எனக்கு முன்னால் எங்கள் குவாரியின் டாரஸ் லாரி, காலி. கிடங்கு கட்டுகிற சைட்டில் டஸ்ட் இறக்கிவிட்டுத் திரும்புகிறது. அதற்கு முன்னால் இன்னொன்று, அதுவும் காலி. சாலை நகரவில்லை, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். வலப்பக்கம் அதே சைட். அஸ்திவாரத்துக்கு வழித்த செம்மண் இரண்டு மாடி உயரத்துக்குக் குவிந்திருக்கிறது. வண்டியை ஓரம் கட்டிவிட்டு உள்ளே போனேன். சைட் இன்ஜினியர், சின்னப் பையன்போல இருந்தார், மண்ணை எங்கே கொண்டுபோய்த் தள்ளுவது என்று தெரியாமல் மூன்று மாதமாக அலைகிறாராம். அந்த மண்மேல்தான் பார்க்கிங் வரவேண்டும். கேட்டவரை எல்லாம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். சும்மா. எடுத்துப்போக லாரி அனுப்பத்தான் ஆளில்லை.

அவருக்கு வேண்டியது டஸ்ட், வேண்டாதது மண். எங்களிடம் ஒரு மேடு டஸ்ட், வேண்டியது மண். நடுவே காலியாகத் திரும்புகிற லாரிகள். ரிட்டன் லோடு! இதை எந்த லாரி டிரைவரும் எனக்கு முன்னால் சொல்லியிருப்பான், யாரும் அவனைக் கேட்கவில்லை.

பின்னால் ஷேர் ஆட்டோக்காரர் ஹார்ன் அடித்துக் கொன்றுவிட்டார். நான் சிரித்துக்கொண்டே போனேன்.

ஏப்ரல் 7, திங்கள்

செந்தமிழன் சார் முன்னால் காகிதத்தை விரித்தேன். பொய்மேடு பத்து வருடம் முன்பு குப்பை. இன்றைக்குச் சந்தை கேட்கிற சரக்கு. அதை முறையாக உற்பத்திக் கணக்கில் காட்டி, அரசுக்குச் சேர வேண்டியதைச் செலுத்திவிட்டு அனுப்பலாம். அதே வண்டியில் மண் திரும்பும், அதற்கும் அனுமதி வாங்கிக்கொண்டு. கிழக்குப் பகுதி இந்த வருடமே மூடப்படும். தொழிற்சாலைகளின் படிவத்துக்கும் பதில் ஆயிற்று.

ஆனால் முதல் பக்கத்தில் உண்மை வரும். அது இல்லாமல் இது நடக்காது, ஏனென்றால் மேட்டைத் தொட்டால் உள்ளே இருப்பது ஊருக்கே தெரிந்துவிடும்.

சார் காகிதத்தை இரண்டு முறை புரட்டினார். பிறகு கன்னியப்பனைக் கூப்பிட்டு எத்தனை நடை ஆகும் என்றார். அவர் கணக்குப் போட நோட்டுகூடக் கேட்கவில்லை. "அறநூத்தம்பது நடை. ஒரு நாளைக்குப் பன்னெண்டு. மழைக்கு முன்னாடி முடிச்சிடலாம்." செந்தமிழன் சார் என்னைப் பார்த்து, "அப்பா பேரு வராம எழுத முடியுமா?" என்றார்.

முடியும் என்றேன். பெயர் தேவையில்லை. கையெழுத்து என்னுடையது.

ஏப்ரல் 21, திங்கள்

ஈஸ்டர் ஞாயிறு முடிந்து மறுநாள். பதினைந்து நாளாகத் தள்ளிப்போட்டு வந்த வாக்கியத்தை எழுதினேன். "2020-ஆம் ஆண்டுத் திட்டத்தில் மேல்மண் இருப்பு 18,400 கன மீட்டர் என்று நான் சான்றளித்தது தவறு. உள்ளே சோதிக்காமல் சான்றளித்தேன். உண்மை இருப்பு ஏறக்குறைய 1,900." ஒரு வாக்கியம்தான் எழுத நினைத்தேன், மூன்றாகிவிட்டது. கோழிக் குழம்பு வைத்தேன்.

மே 6, செவ்வாய்

கனிம அலுவலகம். உள்ளே போகும்வரை தைரியமாக இருந்தேன். மின்விசிறியின் கீழே அதிகாரி அம்மா முதல் பக்கத்தைப் படிக்க ஆரம்பித்ததும் சுவரில் இருந்த காலண்டரின் தேதிகளை எண்ண ஆரம்பித்தேன். 

படித்து முடித்துவிட்டு, "2020-ல கையெழுத்துப் போட்டது யாரு?" என்றார்.

"நான்தான் மேடம்."

கண்ணாடியைக் கழற்றினார். "எல்லாரும் பழைய கன்சல்டன்ட் தப்பு பண்ணிட்டாருன்னு வந்து சொல்லுவாங்க. பழைய கன்சல்டன்ட்டே வந்து சொல்றது இதான் முதல் தடவ." அதில் பாராட்டு எதுவும் இல்லை. நேரில் வந்து தோண்டிப் பார்க்கிறேன், அப்புறம்தான் எதுவும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மே 10, சனி

தோட்டத்து அகத்தியில் பெரிய கிளைகளாக நான்கு வெட்டிக் கட்டி, ஸ்கூட்டியில் வைத்துக்கொண்டு சின்னப்பொண்ணு வீட்டுக்குப் போனேன். கேன்டீனிலிருந்து வந்து வாசலில் உட்கார்ந்திருந்தாள். மேட்டுக்குள் இருந்தது டஸ்ட், உன் ஆடு தின்னவில்லை, நான் எழுதியதெல்லாம் தப்பு என்றேன். தயார்செய்து வைத்திருந்த பேச்சு இன்னும் நீளம். பாதி மறந்துவிட்டது.

அவள் அகத்தியைப் பிரித்து ஆடுகளுக்குப் போட்டாள். என்னை உட்காரச் சொல்லவில்லை.

"என்னாண்ட வந்து சொல்ற. அன்னிக்கி பஞ்சாயத்துல ஊரே பாத்துச்சி. அங்க வந்து சொல்லு."

நியாயம்.

மே 26, திங்கள்

பஞ்சாயத்து ஆபீசில் சொன்னேன். கடிதமாகவும் கொடுத்தேன். இந்த முறையும் அழகான தமிழ்தான், ஆனால் எழுதும்போது கை கூசியது. 2022 கடிதத்தை ரத்து செய்வதாகக் கிளார்க் பதிவு போட்டார். சின்னப்பொண்ணு அதைச் சத்தமாகப் படிக்கச் சொன்னாள். இரண்டு முறை படித்தார். கேட்டுவிட்டு, ஆடு மேய்க்க நேரமாகிறது என்று கிளம்பிவிட்டாள்.

ஜூன் 5

இந்த வருடம் நடவில்லை. போட்டோ இல்லை.

ஜூலை 18, வெள்ளி

ஆணை வந்தது. திட்டத்துக்கு ஒப்புதல். நிபந்தனை: கொண்டுவரும் மண்ணைப் பத்து இடத்தில் தோண்டிப் படம் எடுத்து அனுப்பிய பிறகே கன்று நட வேண்டும். அதிகாரி அம்மா மேட்டில் தோண்டிப் பார்த்த அன்றைக்கே இப்படி ஏதாவது வரும் என்று நினைத்தேன். நல்ல நிபந்தனை, நானே எழுதியிருப்பேன். குவாரியின் மேல் தனி நடவடிக்கை, அதைச் செந்தமிழன் சார் பார்த்துக்கொள்கிறார்.

எனக்குத் தனியாக ஒரு கடிதம். எச்சரிக்கை, கோப்பில் பதிவு. அடுத்த இரண்டு வருடம் என் திட்டம் ஒவ்வொன்றிலும் இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். சர்டிபிகேட் போகவில்லை. ஆனால் செய்தி பரவி மூன்று குவாரிக்காரர்கள் வேறு ஆளிடம் போய்விட்டார்கள். ஒருவர் போனிலேயே சொன்னார்: உண்மை பேசுகிற கன்சல்டன்ட் தனக்குக் கட்டுப்படியாகாதாம்.

வலித்தது. இல்லை என்று என் டைரியிலேயே பொய் எழுதுவானேன்? ஆனால் மீதி எட்டுப் பேரில் இரண்டு பேர், தங்கள் மேட்டையும் ஒருமுறை தோண்டிப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். கடப்பாரை என்னிடமே இருக்கிறது.

ஆகஸ்ட் 21, வியாழன்

நாள் தவறாமல் பன்னிரண்டு நடை. போகும்போது சாம்பல், வரும்போது சிவப்பு. ஒவ்வொரு லோடையும் கன்னியப்பன் அண்ணன் ஏறிக் கிளறிப் பார்க்கிறார். இன்றைக்கு ஒன்றைத் திருப்பி அனுப்பிவிட்டார். "அடியில கட்டட வேஸ்ட்டு கீது மேடம். மேல மட்டும் மண்ணு. யாராண்ட காட்டுறான்?" டிரைவர் தலையைச் சொறிந்தான். இந்த வித்தையில் அவரை ஏமாற்றப் பார்த்திருக்கிறார்கள், பாவம்.

அக்டோபர் 9

பத்துக் குழி. பத்திலும் மண். முழங்கை வரை.

அக்டோபர் 24, வெள்ளி

தீபாவளி மழை நின்ற இடைவெளியில் நட்டோம். வேம்பு, புங்கன், நாவல், மொத்தம் 600. ஐம்பத்திரண்டு பேரும் வந்தார்கள். முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அறுபது கன்று நட்டார். போட்டோவுக்கு இல்லை, போட்டோ எடுத்து முடித்த பிறகும் நட்டார்.

டிசம்பர் 4, வியாழன்

புயல் மழை மூன்று நாள். தூக்கம் வரவில்லை. மண் சரிந்து பள்ளத்தில் போயிருந்தால்? விடிந்ததும் போனேன். ஓரத்தில் இரண்டு இடத்தில் அரிப்பு, மண்மூட்டை அடுக்கிச் சரிசெய்யலாம். கன்றுகள் நிற்கின்றன. காலணியில் ஒட்டிய மண்ணை வீட்டு வாசலில் தட்டினேன். தோட்டத்து மண்ணும் அதுவும் ஒரே நிறம்.

பிப்ரவரி 11, 2026, புதன்

நூறு நாள் கணக்கெடுப்பு. கேட்டில் சின்னப்பொண்ணு நின்றுகொண்டிருந்தாள், ஆடு இல்லாமல். மே மாதத்துக்குப் பிறகு நாங்கள் பேசியதில்லை. ஷிப்ட் முடிந்து நேராக வந்திருக்கிறாள், யூனிபார்ம் மேலே துண்டு.

"எம்மா, உனக்கோசரம்தான் நிக்கிறேன். நேத்து சாய்ந்திரம் ஆடு வேலி தாண்டிச்சி. ஒம்பது செடி. நீ எண்ணறதுக்கு முன்ன நானே சொல்லிடலாம்னு வந்தேன். இந்த வாட்டி என் ஆடுதான்."

இருவரும் போய்ப் பார்த்தோம். ஒன்பது வேம்பும் முழங்கால் உயரத்தில் மொட்டையாக நின்றன. ஒன்றைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன்.

"உடு, உடு. வேர் புடிச்சிக்கிச்சி. மறுபடி தழையும்" என்று என் கையைத் தட்டிவிட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்குப் புரியவில்லை, முறைத்தாள், பிறகு அவளுக்கும் வந்துவிட்டது. செக்யூரிட்டி எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

மாலை அறிக்கையை முடித்தேன். நட்டவை 600. நிற்பவை 568. பட்டுப்போனவை 23. மீதி ஒன்பதுக்கு அந்தப் பழைய வரியையே போட்டேன்: கால்நடைகளால் சேதம். இத்தனை வருடம் எழுதியதில் முதல்முறையாக அது உண்மை.